துணியில் எழுதிய சத்ருஞ்ஜயம்

‘படம்’ என்னும் சொல் இன்று தமிழில் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. சுவரில் மாட்டுவதும் படம், கொட்டகையில் ஓடுவதும் படம், பள்ளிப் பிள்ளைகள் விரித்துவைத்து நாடு நகரம் தேடுவதும் படமே. ஆனால் இச்சொல்லின் முதற்பொருள் துணி என்பதே. துணியில் எழுதிய சித்திரம் படம் எனப்பட்டு, பின்னர் துணி மறைந்து சித்திரம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் வாழும் சமணரிடையே அந்தப் பழம்பொருள் இன்னும் வழக்கொழியவில்லை. அவர்கள் ‘பட்’ என்று வழங்குவது துணியில் எழுதப்பட்ட திருவுருவத்தையோ திருத்தலத்தையோதான். அவற்றுள் அளவாலும் புகழாலும் முதலிடம் பெறுவது சத்ருஞ்ஜய மலையை எழுதிய படம். அகமதாபாத் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களிலும் கடல்கடந்த நாடுகளின் தொகுப்புகளிலும் சமணர் துணி ஓவியங்கள் இன்று காட்சிப் பொருள்களாகத் தொங்குகின்றன. பார்ப்பவர் அவற்றின் வண்ணத்தை வியந்து கடந்து செல்கின்றனர். எதற்காக இவ்வளவு பெரிய துணியில் ஒரு மலையை எழுதினார்கள் என்ற வினா பலருக்கு எழுவதில்லை.

விடை சாதுர்மாசத்தில் இருக்கிறது. மழைக்கால நான்கு மாதங்களில் மண்ணிலும் புல்லிலும் சிற்றுயிர்கள் பெருகுகின்றன. நடக்கும் காலடியில் அவை மடியலாகாது என்பதனால் துறவியர் ஓரிடத்தில் தங்கிவிடுவர். அதே காரணத்தால் ஆடி மாத வளர்பிறையை ஒட்டி நிற்கும் சத்ருஞ்ஜய யாத்திரை, கார்த்திக பௌர்ணமி அன்றுதான் மீண்டும் தொடங்கும். அன்று பாளித்தானாவில் மலையடிவாரம் மக்கள் வெள்ளமாகிவிடும். ஆனால் தொலைவூர்களில் வாழ்வோரும், முதியோரும், பிணியுற்றோரும், பயணத்துக்குப் பொருளில்லாதோரும் என்ன செய்வர்? ஊரின் எல்லைக்கு வெளியே, சத்ருஞ்ஜயம் இருக்கும் திசை நோக்கிப் பெருந்துணியொன்றை விரித்துக் கட்டுவர். சங்கத்தார் துறவியரோடு ஊர்வலமாகச் சென்று அதன்முன் நின்று துதிபாடி, மலையின் திருப்பெயர்களைச் சொல்லி, 21 முறை வணங்குவர். உடல் அங்கேயே நிற்க, உள்ளம் படிப்படியாக ஏறும். இதற்குப் ‘பாவ யாத்திரை’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு இத்தொடர் வேறுவிதமாக ஒலிக்கக்கூடும் ஆதலால், ‘பாவனை யாத்திரை’ என்று கொள்வதே நன்று. நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கிய துறவியர் மீண்டும் நடைப்பயணம் தொடங்கும் நாளும் அதுவே.

ஆகவே இந்தப் படம் அழகுக்காக எழுதப்பட்டதன்று. ஏறுவதற்காக எழுதப்பட்டது. இதனை மனத்திற்கொண்டு பார்த்தால்தான் அதன் அமைப்பு விளங்கும்.

துணியின் அடிப்பகுதியில் பாளித்தானா நகரம் மதிலும் வீடுகளுமாக இருக்கும். அங்கிருந்து ஊர்வலம் புறப்படும். மாட்டுவண்டிகள், குதிரைகள், வாத்தியக்காரர், வெள்ளாடைத் துறவியர், தலையில் முக்காடிட்ட பெண்கள், நடக்க இயலாதாரை டோலியில் சுமப்போர் என அந்தக் கூட்டத்தை ஓவியர் அலுக்காமல் எழுதியிருப்பார். அடிவாரத்தைத் தாண்டினால் பாதை வளைந்து வளைந்து மேலேறும். இடையிடையே இளைப்பாறும் மண்டபங்களும், சிறு சந்நிதிகளும், நீர் நிறைந்த குண்டங்களும் வரும். உச்சியில் இரண்டு முகடுகளும் அவற்றினிடையே ஒரு பள்ளமும். முகடெங்கும் மதில் சூழ்ந்த கோயிற்றொகுதிகள். அவற்றின் நடுவே, மற்ற எல்லாவற்றினும் பெரியதாக, தமிழ்ச் சமணர் ஆதிபகவன் எனப் போற்றும் ரிஷபதேவரின் திருக்கோயில்.

இங்கே ஓவியர் கையாண்ட முறை நுட்பமானது. மதிலையும் முற்றத்தையும் வானிலிருந்து பார்ப்பதுபோல் தரைவரைவாக எழுதுவார். கோயிலையோ எதிரே நின்று பார்ப்பதுபோல் கோபுரத்தோடு எழுதுவார். கருவறையின் சுவரை எடுத்துவிட்டதுபோல் உள்ளிருக்கும் தீர்த்தங்கரர் திருவுருவையும் வெளிப்படுத்துவார். ஒரே துணியில் மூன்று பார்வைகள். இதனைக் கண்ட பழைய மேலைநாட்டார் சிலர், கீழைநாட்டு ஓவியருக்குத் தூரமும் அளவும் தெரியாது என்று எழுதிப் போனதுண்டு. ஜேம்ஸ் பர்ஜெஸ் 1869இல் சத்ருஞ்ஜயக் கோயில்களைப் பற்றிப் புகைப்படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். அப்புகைப்படங்கள் அரியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் புகைப்படத்தில் முன்னிற்கும் கோயில் பின்னிற்கும் கோயிலை மறைத்துவிடுகிறது, சுவர் தெய்வத்தை மறைத்துவிடுகிறது. 800க்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ள மலையில் எதுவும் எதையும் மறைக்கலாகாது, ஒவ்வொரு சந்நிதியிலும் வணங்குவோன் கண் பதிய வேண்டும் என்ற தேவைக்குப் பட ஓவியரின் முறையே பொருத்தமானது. அது அறியாமையால் விளைந்ததென்று சொல்வது, வழிகாட்டும் வரைபடத்தைப் பார்த்து மரங்களுக்கு நிழல் இல்லையே எனக் குறைகூறுவது போன்றது.

ஓவியத்துக்குரிய துணி பருத்தியே. பெரிய படமெனில் பல நீளத் துண்டுகளை இணைத்துத் தைப்பர். கஞ்சிப் பசையிட்டு, உலர்த்தி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து இழைகளின் இடைவெளியை அடைப்பர். அதன்மேல் கோடு, கோட்டினுள் வண்ணம், சிறப்பான இடங்களில் பொன். சோழமண்டலக் கரையில் எழுதப்பட்ட துணிகளோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு புலப்படும். நம் கரையோரத்தில் கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, படிகாரம் தடவி, சாயவேரில் காய்ச்சி எடுத்த துணியில் நிறம் இழைக்குள்ளேயே ஊறியிருக்கும். துவைத்தாலும் போகாது. ஆதலால் அது மரக்கலமேறிக் கடல்கள் கடந்து உடையும் விரிப்புமாயிற்று. சத்ருஞ்ஜயப் படத்தில் நிறம் துணியின்மேல் படலமாக நிற்கிறது. நீர் பட்டால் கரையும், மடித்தால் மடிப்பு வரியில் உதிரும், ஈரக்காற்றில் பூஞ்சை பற்றும். ஆண்டுக்கு ஒரு நாள் திறந்த வெளியில் வெயிலும் காற்றும் பட விரித்து, மற்ற நாள்களில் சுருட்டி வைக்கப்பட்ட இத்துணிகளுள் சில நூற்றாண்டுகளைக் கடந்து வந்திருப்பது, அவற்றைக் காத்த சங்கங்களின் அக்கறைக்குச் சான்று.

துணியில் எழுதிக் காட்டும் வழக்கம் சமண மரபில் மிகப் பழையது. ஆசீவகத் தலைவர் கோசாலரை மங்கலி புத்திரர் என்று சமண ஆகமம் குறிக்கிறது. படம் காட்டிப் பிழைக்கும் ‘மங்க’ குலத்தில் பிறந்தவர் என்பது அதற்குச் சமண மரபு கூறும் விளக்கம். 779இல் ஜாலோரில் உத்தியோதன சூரி இயற்றிய ‘குவலயமாலை’ என்னும் பிராகிருதக் காவியத்தில், பிறவிச் சுழலைத் துணியில் எழுதி அதனைக் காட்டி அறம் உரைக்கும் பகுதி உண்டு. கைக்கெட்டும் சான்றாக நிற்கும் பழந்துணிகளுள் குறிப்பிடத்தக்கது, சாம்பானேரில் 1433இல் எழுதப்பட்ட பஞ்சதீர்த்திப் படம். 1932இல் என். சி. மேத்தா அதனை ஆய்வுலகுக்கு அறிமுகப்படுத்தினார். பல தீர்த்தங்களை ஒரே சுருளில் அடக்கிய அம்மரபிலிருந்து, ஒரே மலைக்கு ஒரு முழுத் துணியை ஒதுக்கும் பெரும்படங்கள் வளர்ந்தன. நமக்குக் கிட்டியுள்ள சத்ருஞ்ஜயப் பெரும்படங்களில் மிகப்பல பிற்காலத்தவை, சிறப்பாக 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை.

ஒரு படம் எந்தக் காலத்தது என்பதைத் துணியில் உள்ள எழுத்து சொல்லாவிட்டால் மலையே சொல்லிவிடும். சத்ருஞ்ஜயம் ஒரே நாளில் கட்டப்பட்டதன்று. 12ஆம் நூற்றாண்டில் குமாரபாலனின் அமைச்சர் உதயனர் அங்கு வழிபடச் சென்றபோது, எலியொன்று எரியும் விளக்குத் திரியைக் கவ்விக்கொண்டு ஓடியதாம். மரத்தாலான அக்கோயில் ஒரு திரியில் சாம்பலாகிவிடுமே என அஞ்சிய அவர், கல்லால் கட்டுவதென உறுதிபூண்டார். போரில் புண்பட்டு அவர் இறந்தமையால் மகன் வாக்படர் அதனை நிறைவேற்றினார். 1313இல் படையெடுப்பால் கோயில் சிதைந்தது. இரண்டே ஆண்டில், குஜராத்தின் ஆளுநராயிருந்த ஆல்ப் கானின் இசைவு பெற்று, சமர சாஹ் என்னும் வணிகர் திருப்பணி முடித்தார். பின்னும் சிதைவு நேர, சித்தூரைச் சேர்ந்த கர்ம சாஹ் 1531இல் புதுப்பித்தார். இன்று கருவறையில் வீற்றிருக்கும் ஆதிநாதர் அத்திருப்பணியில் நிறுவப்பட்டவரே. இடித்தவரும் இசைவளித்தவரும் ஒரே அரசமரபினராக இருந்ததை இவ்வரலாற்றில் காணலாம். அதனை ஒற்றை வண்ணத்தில் எழுதுவோர் பர்ஜெசின் புகைப்படக்காரரைப் போல முன்னிற்பதை மட்டும் காண்கின்றனர்.

1618இல் வடமுகட்டில் நான்முக ஆதிநாதர் கோயில் எழுந்தது. நெடுந்தொலைவிலிருந்தே தெரியும் அதன் சிகரம் படங்களிலும் உயர்ந்து நிற்கும். ஆனால் காலக்கணிப்புக்கு மிகவும் உதவுவது இரு முகடுகளுக்கு இடைப்பட்ட குந்தாசர் என்னும் பள்ளம். பம்பாயின் பெருவணிகரும் கப்பலுடையவருமான மோதிஷா சேட், மலையுச்சியில் இடமில்லாமையால் அப்பள்ளத்தையே தூர்த்து அதன்மீது ஒரு கோயில் நகரத்தை எழுப்பத் துணிந்தார். எத்தனை கல், எத்தனை மண், அவற்றைச் சுமந்து ஏறிய முதுகுகள் எத்தனை! 1836இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு பிரதிட்டை நடந்தது. ஆகவே இரு முகடுகளுக்கிடையே பள்ளம் வெறுமையாக இருப்பின் அந்தப் படம் பெரும்பாலும் மோதிஷாவுக்கு முற்பட்டது. அங்கே மதில் சூழ்ந்த தொகுதி எழுந்திருப்பின் 1837க்குப் பிற்பட்டது. கோயில் கட்டியவரின் பெயரைக் கல்வெட்டு காக்கிறது. கட்டுவதற்கு முன் அந்த இடம் எப்படியிருந்தது என்பதைக் காப்பது இத்துணிதான்.

மலை யாருக்குரியது என்ற வழக்கும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. முகலாயர் காலத்தில் அகமதாபாத் நகரசேட் சாந்திதாஸ் ஜவேரி பாளித்தானா குறித்த அரச ஆணைகளைப் பெற்றிருந்தார். யாத்திரிகரைக் காத்தற்பொருட்டுப் பாளித்தானாவின் கோஹில் தலைவர்க்குக் காவற்பணம் தரும் வழக்கமும் ஏற்பட்டது. ஆங்கிலேயர் வந்தபின் அக்காவற்பணம் ஆண்டுக் கட்டணமாக உருமாறியது. 1821இல் 4,500 ரூபாய், 1863இல் 10,000, 1886இல் 15,000 என அது ஏறிக்கொண்டே வந்தது. சமணர் சார்பில் இதனை நடத்தியது ஆனந்த்ஜி கல்யாண்ஜி என்னும் அமைப்பு. அது எந்தச் செல்வரின் பெயருமன்று. ஆனந்தம், கல்யாணம் என்ற இரு மங்கலச் சொற்களுக்கு மரியாதை விகுதி சேர்த்து அமைத்த பெயர். 40 ஆண்டுக்கால ஒப்பந்தம் 1926 மார்ச் 31இல் முடிந்ததும், யாத்திரிகர் ஒவ்வொருவரிடமும் வரி பெறும் உரிமையைப் பாளித்தானா தர்பார் கோரியது. ஆள்கணக்கில் வரி கட்டி வீடுபேற்றுத் தலத்தில் ஏறுவதைச் சமணர் ஏற்கவில்லை.

அவர்கள் செய்தது என்ன? வாளேந்தவில்லை, வாயிலை உடைக்கவில்லை. மலையேறுவதை நிறுத்திவிட்டனர். 1926 ஏப்ரல் 1 முதல் யாத்திரை முழுவதுமாக நின்றது. பகையை வெல்வது என்று பொருள்படும் பெயரையுடைய மலை, வெல்ல வேண்டிய பகை வெளியே இல்லை என்று கற்பித்த ஆதிநாதரின் மலை, இரண்டு ஆண்டுக்காலம் பக்தரின்றிக் கிடந்தது. ஆண்டுதோறும் ஏறியவர்க்கும், ரிஷபதேவர் வந்த எண்ணைப் பின்பற்றி 99 முறை ஏறும் விரதம் பூண எண்ணியிருந்தவர்க்கும் அது எளிய துறப்பன்று. முதுமையின் எல்லையில் இருந்தோர் பலர்க்கு மற்றொரு வாய்ப்பு வாராமலே போயிருக்கும். அந்த இரு கார்த்திக பௌர்ணமிகளிலும் சத்ருஞ்ஜயத்தை வணங்க விரும்பியவர்க்கு எஞ்சியிருந்த வழி பாவனை யாத்திரை ஒன்றே. முதியோர்க்கும் தொலைவிலிருப்போர்க்குமான மாற்று வழி, ஒரு சமூகம் முழுவதற்குமான ஒரே வழியாயிற்று. மலையைத் தன்னோடு சுருட்டி எடுத்துச் செல்லக் கற்ற மக்களை மலையின் வாயிலில் நின்று பணிய வைப்பது கடினம்.

1928 மே மாதம் சிம்லாவில் வைஸ்ராய் இர்வின் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. ஆள்வரி இல்லை; ஆண்டுக்கு 60,000 ரூபாய் வீதம் 35 ஆண்டுகளுக்குக் கட்டணம். ஜூன் 1இல் யாத்திரை மீண்டது. பழைய தொகையின் நான்கு மடங்கு கொடுக்க நேர்ந்ததை வெற்றி என்று சொல்லலாமா என்பது வேறு கேள்வி. எப்படியும் அந்த 35 ஆண்டுகள் முடியுமுன்பே, 1948இல், பாளித்தானா என்ற சமஸ்தானமே சௌராஷ்டிரத்தோடு இணைந்து மறைந்தது.

அதற்கடுத்த ஆண்டில்தான் அகமதாபாத்தில் காலிக்கோ துணி அருங்காட்சியகம் தோன்றியது. நகரின் புகழ்பெற்ற சமண ஆலைக் குடும்பத்தைச் சார்ந்த கௌதம் சாராபாயும் அவர் தங்கை கீராவும் 1949இல் அதனை நிறுவினர். அப்படியொரு காப்பகம் வேண்டும் என்ற எண்ணத்தை விதைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணத் தமிழரான முத்து குமாரசுவாமியின் மகன். 1983 முதல் ஷாஹிபாகில் உள்ள சாராபாய் இல்ல வளாகத்தில் அது இயங்குகிறது. அங்கு விளக்கொளி குறைவு, ஒருமுறை உள்ளே செல்லும் பார்வையாளர் எண்ணிக்கையும் குறைவு. முதன்முறை செல்வோர் இருட்டைக் குறித்து முணுமுணுப்பர். ஆனால் ஒளி துணிக்கு நஞ்சு. அது நிறத்தை வெளிறச் செய்வதோடு பருத்தி நாரையும் நொறுங்க வைக்கிறது. ஆதலால்தான் உலகெங்கும் துணிக் காட்சியறைகளில் ஒளியை 50 லக்ஸ் அளவுக்குள் அடக்குகின்றனர். சில திங்கள் காட்டியபின் துணியை உருளையில் சுற்றி ஓய்வளிப்பதும் வழக்கம். சாதுர்மாசத்தில் மலைக்குக் கிடைக்கும் ஓய்வை இது நினைவூட்டும்.

அருங்காட்சியகம் துணியைக் காத்தது. விழாவைக் காக்கவில்லை, அது அதன் பணியுமன்று. திசை பார்த்துக் கட்டப்பட்ட படம், காட்சியறையில் சுவர் இருக்கும் பக்கம் பார்த்துத் தொங்குகிறது. மறுபுறம், விழா தன்னைத் தானே காத்துக்கொண்டது. கோயிற் சுவர்களில் பளிங்கில் செதுக்கி வண்ணம் தீட்டிய சத்ருஞ்ஜயங்கள் பெருகின. அச்சிட்ட படங்களும் வந்தன. வணங்குவோர்க்கு அவற்றால் குறைவில்லை. குறைவு ஓவியருக்கு. மலையை ஏறி இறங்கி, எந்தக் கோயிலுக்கு அருகில் எந்தக் கோயில் என்று நெஞ்சில் பதித்து, துணியில் அடக்கிய கை அருகிவிட்டது. பழைய படமொன்று இன்றும் சங்கத்தின் பெட்டியில் கிடக்குமாயின், அதனை மடிக்காமல் உருளையில் சுற்றி, சுத்தமான வெண்பருத்தித் துணியால் போர்த்தி வைப்பதே முதற்கடமை. ஒட்டுத்தாள் ஒட்டிச் செப்பனிட முனைவது பலமுறை துணியைக் கெடுத்திருக்கிறது.

தமிழ்ச் சமணர்க்கு இம்மரபு அயலானதாகத் தோன்றலாம். பெரும்பாலும் திகம்பரராகிய அவர்கள் துணியினும் சுவரையே மிகுதியும் நாடினர். சித்தன்னவாசலின் தாமரைக் குளம் சமவசரணத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் வர்த்தமானர் கோயில் மண்டபத்தின் மேற்கூரையில் ரிஷபதேவரின் வரலாறு வரிசை வரிசையாக, தமிழ் விளக்கங்களோடு எழுதப்பட்டிருக்கிறது. டி. என். இராமச்சந்திரன் 1934இல் அதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். அங்கே கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பவனும் சௌராஷ்டிரத்தில் துணிமுன் நிற்பவனும் தொடர்வது ஒரே ஆதிநாதரை. சத்ருஞ்ஜயம் திகம்பரர்க்கும் சித்தத்தலமே. தருமன், வீமன், அருச்சுனன் மூவரும் அங்கு வீடெய்தினர் என்பது அவர்தம் புராணம். சுவேதாம்பர மரபோ கார்த்திக பௌர்ணமியன்று அங்கு வீடெய்தியவராகத் திராவிடன், வாரிகில்லன் என்னும் ரிஷபதேவர் வழித்தோன்றல்கள் இருவரைச் சொல்கிறது. பெயர் ஒன்றைக் கொண்டு வரலாறு எழுதிவிட முடியாது. எனினும் அந்நாளின் துதிப்பாடலில் திராவிடன் பெயர் ஒலிக்கிறது என்பதை இங்குள்ளோர் அறிந்திருப்பது நலம்.

படத்தில் ஆதிநாதர் கோயிலுக்குப் பின்புறம், ஒரு மரமும் அதனடியில் இணையடிச் சுவடும் எழுதப்பட்டிருக்கும். ரிஷபதேவர் அம்மரத்தின்கீழ் அறமுரைத்தார் என்பது மரபு. குஜராத்தியர் அதனை ‘ராயண்’ என்பர். வலம் வருவோர்மேல் அதன் பால் சொட்டினால் பெரும்பேறு என நம்புவர். தாவரநூலார் பெயரைக் கொண்டு தேடினால் அது நம் பாலை மரமே. உலக்கைப்பாலை என்றும் சொல்வதுண்டு. கோடியக்கரைக் காட்டிலும், சோழமண்டலக் கரையோரக் கோயிற்காடுகளிலும், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மஞ்சட் பழம் உதிர்த்து நிற்பது அதே மரம்.